செட்டிநாட்டு வீட்டுக்குச் சிமெண்ட் பூசாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளை இடிக்காமல் புதுப்பிப்பது மகிழ்ச்சி. ஆனால் பலர் எடுத்த எடுப்பிலேயே சுவரில் சிமெண்ட் பூசிவிடுகிறார்கள். வீடு கெடுவது அங்கேதான்.

சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர், தரையிலிருந்து ஏறும் ஈரத்தை ஆவியாக வெளியே விடும். சிமெண்ட் அந்த வழியை அடைக்கும். ஈரம் இன்னும் மேலே ஏறும், உப்புப் பூக்கும். சில மழைக்காலங்களில் பூச்சு செங்கல்லின் முகத்தோடு சேர்ந்து பாளம் பாளமாகப் பெயரும்.

சிமெண்டை உளியால் மெதுவாக எடுத்துச் சுவரை நன்றாகக் காய விடுங்கள். புதுப் பூச்சுக்கு 3 வாரமாவது நீரில் ஊறிய சுண்ணாம்பு 1 பங்கு, உப்பில்லாத மணல் 3 பங்கு. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் குழைத்து, ஒரு தடவைக்கு 10 மி.மீ.க்கு மேல் போகாமல் பூச வேண்டும். நனைத்த சாக்குத் தொங்கவிட்டு 2 வாரம் ஈரம் காக்க வேண்டும். வெயிலில் சட்டென்று காய்ந்தால் மயிரிழை வெடிப்பு விழும். மேலே பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் அத்தனையும் வீண். வெள்ளையடிப்பே போதும்.

குளியலறை, ஏசி எல்லாம் வேண்டியதுதான். குளியலறையைப் பின்கட்டில் வையுங்கள். குழாயைச் சுவரில் புதைக்காமல் வெளியே ஓட்டினால் கசிவு உடனே கண்ணில் படும். முற்றத்தைக் கண்ணாடியால் மூட வேண்டாம், சூடு வெளியேறும் வழி அதுதான். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் ஆசிட் ஊற்றினால் பூ வேலையை அரித்துவிடும்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் அருகிவிட்டார்கள். அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் இதைத் தனிப் பயிற்சியாக வைக்க வேண்டும்.

– மரபுக் கட்டடப் பொறியாளர்கள், காரைக்குடி