அல்பேர்ட்டன் கனால் நடை: இன்னும் 640 பவுண்ட்ஸ் தேவை

அன்பான உறவுகளே,

லண்டன் அல்பேர்ட்டன் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஈலிங் ரோட்டில் ஒரு பாலம் இருக்கிறது. மரக்கறிப் பையோடு எல்லாரும் அதைத் தாண்டித்தான் போகிறோம், கீழே எட்டிப் பார்த்தவர்கள் குறைவு. அங்கே ஓடுவது கிராண்ட் யூனியன் கனாலின் பாடிங்டன் கிளை, 1801இல் திறந்தது. ஹேய்ஸிலிருந்து பாடிங்டன் வரை ஏறத்தாழ 22 கிலோமீட்டர், படகை ஏற்றி இறக்கும் லொக் இடையில் ஒன்றுகூடக் கிடையாது, தண்ணீர் முழுக்க ஒரே மட்டம். படகு இழுத்த குதிரைகளுக்காகப் போட்ட கரைப்பாதையும் அநேகமாக அப்படியே. முழங்கால் நோவோடு இருக்கும் எங்கள் அம்மம்மாமாருக்கும் அப்பப்பாமாருக்கும் இந்தப் பக்கத்தில் இதைவிட நல்ல பாதை கிடைக்காது.

ஆனால் அவர்கள் தனியே போகப் பயப்படுகிறார்கள், அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது. எங்கே கீழே இறங்குவது, எங்கே மேலே ஏறினால் பஸ் பிடிக்கலாம், கழிவறை எங்கே, பின்னால் சைக்கிள் மணி கேட்டால் எந்தப் பக்கம் ஒதுங்குவது, இதெல்லாம் யாராவது சொல்லித் தந்தால்தானே? பாதை கனால் அண்ட் ரிவர் டிரஸ்டின் பொறுப்பில் இருப்பதால் நாங்கள் நினைத்த இடத்தில் தமிழ்ப் பலகை நட முடியாது. ஆகவே பெரிய எழுத்தில் தமிழில் ஒரு வழித்தாள் அச்சடித்து இலவசமாகக் கொடுப்பது, மாதம் ஒரு முறை கூட்டிக்கொண்டு போவது என்று முடிவெடுத்திருக்கிறோம்.

முதல் நடை அல்பேர்ட்டனில் இருந்து ஹோர்சென்டன் ஹில் அடிவாரம் வரை. ஆறுதலாகக் கதைத்துக்கொண்டு நடக்கிற தூரம்தான். கரையில் கட்டிக் கிடக்கும் ஒடுங்கிய படகுகள், நீர்க்கோழிகள், ஓகஸ்ட் கடைசியில் வேலியெல்லாம் பிளாக்பெரி. மேலே கீச்சிட்டுப் பறக்கும் பச்சைக்கிளிகள் ஊரில் பார்த்த அதே இனம்தான், இந்தக் குளிரையும் பழகிக்கொண்டு லண்டன் முழுக்கப் பெருகிவிட்டன. (வாத்துகளுக்குப் பாண் போடவேண்டாம், அது அவற்றுக்குக் கூடாது.) சுமார் 85 மீட்டர் குன்று, ஏற விரும்புகிறவர்கள் ஏறலாம், மற்றவர்களுக்கு அடிவாரத்தில் தேத்தண்ணி.

கோடையில் பேரப்பிள்ளைகளோடு இன்னொன்று: பாடிங்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் லிட்டில் வெனிஸில் இருந்து ரீஜன்ட்ஸ் கனால் வழியாக, ரீஜன்ட்ஸ் பார்க்கையும் மிருகக்காட்சிச்சாலையையும் தாண்டி கம்டன் வரை. வழியில் மெக்கிள்ஸ்ஃபீல்ட் பாலத்தின் இரும்புத் தூண்களைக் கட்டாயம் தொட்டுப் பாருங்கள். குதிரைக் கயிறு உரசி உரசி இரும்பிலேயே பள்ளம் விழுந்திருக்கிறது, விரல் வைத்தால் உள்ளே போகும். 1874இல் வெடிமருந்து ஏற்றிவந்த படகு அந்தப் பாலத்தின் கீழேயே வெடித்தது. திரும்பக் கட்டியபோது பழைய தூண்களையே மறுபக்கம் திருப்பி நட்டார்கள், அதனால் கயிற்றுத் தடம் இப்போது இரண்டு பக்கமும் இருக்கிறது.

சரி, காசு விஷயம். மொத்தம் 900 பவுண்ட்ஸ். அச்சுக்கு 400. குழுவில் இருவர் முதலுதவி வகுப்பு எடுக்க 180, இது இல்லாமல் வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போக நாங்கள் தயாரில்லை. காப்புறுதி 150. மடக்கு ஸ்டூல்கள், மழைக்கோட்டு, பிளாஸ்க் எல்லாம் சேர்த்து 170. ஸ்டூல் ஆடம்பரம் என்று குழுவுக்குள்ளேயே ஒரு வாக்குவாதம் நடந்தது, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இருக்க இடம் வேண்டும் என்று மூத்தவர்கள் சொன்ன பிறகு அது அடங்கியது. குழுக்காரர் எங்களுக்குள் 260 போட்டுவிட்டோம். மிச்சம்தான் உங்களிடம் கேட்கிறோம்.

ஐந்து பவுண்ட்ஸ் என்றாலும் சந்தோஷம். நாங்கள் பதிவு செய்த அறக்கட்டளை இல்லை, அதனால் கிஃப்ட் எயிட் (நன்கொடைக்காக அரசிடமிருந்து திரும்பப் பெறும் வரி) கோர முடியாது, அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். கொடுத்தவர் படம் போட்டு பேனர் அடிக்கும் எண்ணமும் இல்லை, அந்தக் காசில் இன்னும் இரண்டு ஸ்டூல் வாங்கலாம். காசு வேண்டாம், உழைப்புத் தருகிறேன் என்றால் வழித்தாளைப் பிழை பார்க்கவும், நடையின் கடைசி ஆளாகப் பின்னால் வரவும் ஆட்கள் தேவை.

குழுவில் யாரைக் கண்டாலும் கையில் கொடுங்கள், பற்றுச்சீட்டுக் கேட்டு வாங்குங்கள். மார்ச் கடைசிக்குள் சேர்ந்தால் ஏப்ரலில் அச்சுக்குக் கொடுத்துவிடலாம். வரவு செலவுக் கணக்கை முதல் நடை அன்றே எல்லார் முன்னிலையிலும் வாசிப்போம்.

நடைக் குழுவினர்