பதினாறு பெட்டிகளுக்குள் பிள்ளைகளை அடைக்க வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கல்லூரி வளாகத்தில் வேலைக்கு ஆள் எடுப்பதற்கு முன் நடக்கும் ஆளுமைத் தேர்வுகள் பற்றி உங்கள் வேலூர் பதிப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். எந்த வினாத்தாளைக் கொடுத்தாலும் விடை ஏறக்குறைய ஒன்றுதான் என்று அதில் இருந்தது. பல வருஷம் புள்ளியியல் பாடம் எடுத்தவன் என்ற முறையில் இதை என்னால் ஏற்க முடியவில்லை. கணக்குப் போட்டுப் பார்க்காமல் அப்படிச் சொல்லக் கூடாது.

அந்தக் கணக்கை அமெரிக்காவில் ராபர்ட் மெக்ரே, பால் கோஸ்டா என்ற உளவியலாளர்கள் இருவரும் 1989-லேயே வெளியிட்டுவிட்டார்கள். மனிதர்களைப் பதினாறு வகையாகப் பிரிக்கும் மையர்ஸ்-பிரிக்ஸ் வினாத்தாளையும், ஐந்து பண்புகளை அளக்கும் தங்கள் வினாத்தாளையும் ஒரே ஆட்களிடம் கொடுத்து ஒட்டுறவு பார்த்தார்கள். அதாவது இரண்டு மதிப்பெண்களும் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்ற கணக்கு; 1 என்றால் முழுப் பொருத்தம், 0 என்றால் பொருத்தமே இல்லை. ஆண்களிடம், ஒருவர் தனக்குள் ஒதுங்குகிறவரா கலந்து பழகுகிறவரா என்று பார்க்கும் மையர்ஸ்-பிரிக்ஸின் அகமுகம்-புறமுகம் அளவுகோல், ஐந்தில் ஒன்றான புறமுகப் பண்போடு 0.74 அளவுக்கு ஒத்துப்போனது. சரி, நல்ல பொருத்தம்தான். ஆனால் முடிவெடுப்பது அறிவாலா மனத்தாலா என்று பார்க்கும் சிந்தனை-உணர்வு அளவுகோலுக்கும், ஐந்தில் இன்னொன்றான இணக்கப் பண்புக்கும் வந்தது 0.44. இரண்டுக்கும் பொதுவான பங்கு எவ்வளவு என்று பார்க்க இதை வர்க்கப்படுத்தினால் 0.19. ஒன்றின் ஏற்ற இறக்கத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட மற்றதோடு சேரவில்லை! ஐந்தில் ஒன்றான மனக்கலக்கம் என்ற பண்புக்கோ மையர்ஸ்-பிரிக்ஸில் இணையே கிடையாது. இன்டர்வியூ பயத்தில் ராத்திரி தூங்காத பிள்ளையைப் பற்றி அந்த வினாத்தாளுக்குச் சொல்ல எதுவுமில்லை.

மனிதர்கள் தனித்தனி வகைகளாகப் பிரிந்து நிற்பதற்கும் அந்த ஆய்வில் ஆதாரம் கிடைக்கவில்லை. இந்த மாதிரிப் பண்புகளில் பெரும்பாலோர் நடுவில்தான் இருப்பார்கள். நடுவில் கோடு போட்டால், ஒன்றிரண்டு விடை மாறினாலே 'அகமுகம்' 'புறமுகம்' ஆகிவிடும். இதை நம்பி ஒரு பெண்ணிடம் "உனக்கு மார்க்கெட்டிங் ஒத்துவராது" என்று சொல்வது அநியாயம்.

ஐந்து பண்பு வினாத்தாளையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இந்த ஐந்து பண்புகளை அளக்க, லூயிஸ் கோல்ட்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் தொடங்கிவைத்த, யாரும் காசில்லாமல் பயன்படுத்தக்கூடிய கேள்வித் தொகுப்பு ஒன்று உண்டு. அதில் ஒரு கேள்வி, பார்ட்டியைக் கலகலப்பாக்குவது நீங்கள்தானா என்பது. குடியாத்தத்திலிருந்து பஸ்ஸில் வந்து படித்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பும் மாணவி இதற்கு 'இல்லை' என்பாள். அவள் வகுப்பிலேயே அதிகம் பேசுகிறவளாகவும் இருக்கலாம்.

அதனால் நம் ஊர்ப் பிள்ளைகளிடமே சோதிக்க வேண்டும். வேலூர், காட்பாடிக் கல்லூரிகளில் புள்ளியியல் துறைகளுக்குக் குறைவில்லை. இரண்டு வினாத்தாள்களையும் ஒரே மாணவர்களிடம் கொடுக்கட்டும். சில வாரம் கழித்துத் திரும்பவும் கொடுக்கட்டும். முதல் மதிப்பெண்ணும் இரண்டாவது மதிப்பெண்ணும் ஒத்துப்போகாத வினாத்தாள், வேறு எதோடும் நன்றாக ஒத்துப்போகாது. எம்.எஸ்சி. மாணவர்களுக்கு இதைவிட நல்ல புராஜெக்ட் கிடைக்காது.

கட்டணம் வாங்கிக்கொண்டு இந்தத் தேர்வுகளை நடத்துகிறவர்களிடம் அவர்களுடைய நம்பகத்தன்மை எண்களை, அதாவது திரும்பக் கொடுத்தால் அதே மதிப்பெண் எந்த அளவுக்கு வருகிறது என்பதை, உங்கள் நிருபர் கேட்டு வெளியிட வேண்டும். அதுவரை இந்த முடிவுகளை எந்த மாணவரின் வேலைவாய்ப்புக் கோப்பிலும் சேர்க்க வேண்டாம் என்று கல்லூரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியர்,
காட்பாடி, வேலூர்.