ஒரே வாளி ஆயில் போதுமா?

தேவகோட்டை,
கார்த்திகை 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்த அன்று இங்கே நல்ல மழை. திண்ணையில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன். கானாடுகாத்தான் வீட்டில் இரண்டாம் கட்டு ஓடு மாற்றி முடித்துவிட்டாய் என்றதும் மனசு நிறைந்துவிட்டது. மலேசியாவில் இத்தனை வருடம் இருந்துவிட்டு வந்து அந்தப் பெரிய வீட்டை நீ விற்காமல் வைத்திருக்கிறாயே, அதுவே பெரிய காரியம். படிக்கிற காலத்தில் உங்கள் வளவு முற்றத்தில் மழை கொட்டுவதைப் பார்த்துக்கொண்டு பாடத்தை மறந்து உட்கார்ந்திருப்போம், ஞாபகம் இருக்கிறதா?

இங்கே எல்லாரும் சுகம். என் முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. பட்டறையைத் தம்பி மகன் பார்த்துக்கொள்கிறான். நான் காலையில் இரண்டு மணி நேரம் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான். ஸ்பானர் எதைக் கண்டாலும் வாயில் வைக்கிறான்.

சரி, ஆயில் விஷயத்துக்கு வருகிறேன். காரைக்குடியில் 20 லிட்டர் வாளி டீசல் ஆயில் விலை குறைவாகக் கிடைக்கிறது, ஒன்று வாங்கிப் போட்டால் அம்பாசடரில் இருந்து புல் வெட்டுகிற மெஷின் வரைக்கும் எல்லாவற்றுக்கும் ஊற்றிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறாய். முழுக்க முடியாது. ஆனால் நீ பயப்படுகிற மாதிரி எட்டு மெஷினுக்கு எட்டு டப்பாவும் வேண்டாம். ஒவ்வொரு என்ஜினிலும் ஆயில் என்ன வேலை பார்க்கிறது என்று கேட்டுக்கொண்டால் போதும். விலையும் நிறமும் அப்புறம்.

முதலில் வாளியின் மேல் போட்டிருக்கிற எண்கள். 15டபிள்யூ-40 என்பதில் டபிள்யூ, குளிர்காலத்தைக் குறிக்கிற எழுத்து. மார்கழி விடியற்காலையில் உங்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்து நிற்கும், நல்லெண்ணெய் மட்டும் ஊற்றினால் ஓடும், இல்லையா? அதைப் போலத்தான். குளிரில் எந்த ஆயில் எவ்வளவு சுலபமாக ஓடும் என்பதை முன் எண் சொல்கிறது. எண் குறையக் குறைய குளிரில் நன்றாக ஓடும். பின் எண், என்ஜின் சூடேறி 100 டிகிரியில் இருக்கும்போது ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பது. நம் சீமையில் உறைபனியை யாரும் பார்த்ததில்லை, அதனால் முன் எண்ணுக்காக நீ தூக்கம் கெட வேண்டாம். பின் எண்ணில்தான் கவனம் வேண்டும். சித்திரை வெயிலில், காற்றோட்டம் இல்லாமல், காற்றால் மட்டும் ஆறுகிற சின்ன என்ஜின் படுகிற பாடு உனக்குத் தெரியும்.

அடுத்து, டப்பாவின் பின்பக்கம் ஏ.பி.ஐ. (API) என்று போட்டு இரண்டு எழுத்து இருக்கும், ஆயிலின் தரத்தைச் சொல்கிற முத்திரை அது. எஸ் என்று தொடங்கினால் பெட்ரோல் என்ஜினுக்கு, சி என்று தொடங்கினால் டீசலுக்கு. இரண்டாவது எழுத்து ஆங்கில அகர வரிசையில் தள்ளிப் போகப் போகப் புதிது. எஸ்.பி. (SP) 2020-இல் வந்தது, டீசலில் சி.கே.-4 அதற்குக் கொஞ்சம் முன்னால். நீ சொல்கிற வாளியின் பின்பக்கம் பார். பெரும்பாலும் சி.ஐ.-4 என்று இருக்கும், பக்கத்திலேயே எஸ்.எல். என்றும் சேர்த்துப் போட்டிருப்பார்கள். அப்படி இருந்தால் அந்த வாளியை வாங்கு. உன் 2012 பிக்கப்புக்கு அது சரி, டீசல் ஜெனரேட்டருக்கும் சரி. நாளைக்கே பிக்கப்பை விற்றுவிட்டு 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 புகை விதிப்படி செய்த டீசல் வண்டி வாங்கினால் மட்டும் இந்த ஆயிலை அதில் ஊற்றாதே. அந்த வண்டிகளின் சைலன்சர் வழியில் புகைக்கரியைப் பிடிக்கிற வடிகட்டி இருக்கும்; பழைய ரக ஆயில் எரிந்து விடுகிற சாம்பல் அதை அடைத்துவிடும். அதற்கு சாம்பல் குறைந்த ஆயில் தனியாக வரும்.

ஊற்றி நாலு நாளில் கறுத்துவிட்டது, ஆயில் மட்டமான சரக்கு போலிருக்கிறது என்று உன் டிரைவர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். பாவம், அவரைத் திட்டாதே, பட்டறைக்கு வருகிற பாதிப் பேர் இதைத்தான் சொல்கிறார்கள். டீசல் என்ஜினில் ஆயில் கறுப்பதுதான் நல்லது. கரி உள்ளே ஒட்டிக்கொண்டு கிடக்காமல் ஆயில் அதைத் தூக்கிச் சுமக்கிறது என்று அர்த்தம்.

அப்பச்சி ஆசையாக வாங்கிய அம்பாசடருக்கும் அந்த வாளி உதவும் என்று சொன்னால் நம்புவாயா? பெட்ரோல் வண்டிக்கு டீசல் ஆயிலா என்று கேட்பாய். அந்த 1489 சிசி என்ஜின் பழைய அமைப்பு. வால்வைத் திறக்கிற கேம் ஷாஃப்ட் தண்டின் மேடு, டேப்பெட் என்கிற துண்டின் மேல் உரசிக்கொண்டே ஓடும், நடுவில் உருளை கிடையாது. அந்த உரசலைத் தாங்க ஆயிலில் துத்தநாகமும் பாஸ்பரசும் கலந்த மருந்து வேண்டும். இன்றைய புதுக் கார்களுக்கு வருகிற 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 ஆயில்களில் அதைக் குறைத்துவிட்டார்கள், சைலன்சரில் இருக்கிற புகை சுத்திகரிப்புக் கருவி கெடக்கூடாது என்பதற்காக. உன் அம்பாசடரில் அந்தக் கருவியே இல்லை. ஆகையால் விலை உயர்ந்த புது சிந்தெடிக் ஆயிலை அன்பினால் ஊற்றிக் கெடுத்துவிடாதே. எஸ்.எல். சேர்த்துப் போட்ட 15டபிள்யூ-40 ஓடும். பின்பக்கம் சீல் வழியாகக் கசிந்து கொட்டகைத் தரையில் வட்டம் போட்டால் 20டபிள்யூ-50-க்கு மாறு. உத்தரபாராவில் 2014-லேயே அந்தக் காரைச் செய்வதை நிறுத்திவிட்டார்கள். இருக்கிற என்ஜினை நாம்தான் காப்பாற்ற வேண்டும்.

வாளி இத்துடன் நின்றுவிடும். புல்லட் பக்கம் அதைக் கொண்டு போகாதே. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். நாலு வருடம் முன்னால் என் புல்லட்டுக்கு ஆயில் மாற்ற நேரம் இல்லாமல், கைக்கு எட்டிய கார் ஆயிலை ஊற்றிக்கொண்டு திண்டுக்கல்லுக்குக் கிளம்பினேன். சமவெளியில் ஒன்றும் தெரியவில்லை. சிறுமலை ஏற்றத்தில் மூன்றாவது கியரில் முறுக்குகிறேன், என்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. ஓரமாக நிறுத்தி இறங்கினால் கருகிய நாற்றம். கிளட்ச் வழுக்கியிருக்கிறது. புது புல்லட்டில் என்ஜின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் முழுகிக் கிடக்கின்றன. கார் ஆயிலில் மைலேஜ் கூட்டுவதற்காக வழுக்குகிற சரக்குச் சேர்த்திருப்பார்கள். காருக்கு அது வரம். கிளட்ச் தட்டுக்கோ ஒன்றையொன்று இறுக்கிப் பிடிப்பதுதான் வேலை. ஆகவே பைக் ஆயில் வாங்கும்போது பின்பக்கம் ஜப்பான் தர முத்திரையான ஜாசோ எம்.ஏ. (MA) அல்லது எம்.ஏ.2 என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. 15டபிள்யூ-50 எழுதியிருந்தால் என் வண்டிக்குச் சரி. உன் மகன் வண்டிக்கு அதன் புத்தகம் என்ன சொல்கிறதோ அது. உங்கள் மாமா வைத்திருந்தாரே அந்த வார்ப்பு இரும்பு என்ஜின் புல்லட், அதில் கிளட்சுக்கும் கியருக்கும் தனித்தனி அறை. அந்தக் காலத்து ஆட்கள் எந்த ஆயிலை ஊற்றினாலும் தப்பித்ததற்கு அதுதான் காரணம்.

தங்கச்சியின் ஸ்கூட்டருக்கு ஜாசோ எம்.பி. (MB) என்று போட்ட 10டபிள்யூ-30. அதில் கிளட்ச் ஆயிலுக்குள் இல்லை, அதனால் வழுக்கினால் நல்லது. எம்.ஏ.-வை அவசரத்துக்கு ஸ்கூட்டரில் ஊற்றினால் பெரிய கேடு வராது. எம்.பி.-யைக் கியர் வண்டியில் ஊற்றினால்தான் என் சிறுமலைக் கதை.

இனித் தோட்டம். இங்கேதான் நீ கவனம் வைக்க வேண்டும், ஏனென்றால் மெஷின் சின்னது என்று எல்லாரும் அலட்சியமாக இருக்கிறார்கள். முன்வாசலில் புல்தரை போட்டிருக்கிறாயே, அதை வெட்டுகிற மெஷினில் இருப்பது நாலு ஸ்ட்ரோக் என்ஜின். திறந்து பார்த்தால் ஆயில் பம்பும் இல்லை, ஆயில் ஃபில்டரும் இல்லை. உள்ளே கரண்டி மாதிரி ஒரு நாக்கு இருக்கும், அது சுற்றும்போது அடியில் கிடக்கிற ஆயிலை அள்ளி எல்லாப் பக்கமும் வீசும். அவ்வளவுதான் அதன் ஏற்பாடு. மொத்த ஆயிலே 600 மில்லி அளவுதான் பிடிக்கும். அதில் 200 மில்லி குறைந்தால் நாக்குக்கு அள்ள ஒன்றும் இல்லாமல் போகும். அதனால் ஒவ்வொரு தடவையும் சமதரையில் நிறுத்திக் குச்சியை எடுத்துப் பார்க்கச் சொல். 10டபிள்யூ-30, எஸ்.எல். தரத்தில் ஊற்று, எம்.ஏ. போட்ட பைக் ஆயிலே போதும். புது மெஷின் என்றால் முதல் 20 மணி நேரத்தில் ஆயிலை வடித்துவிடு. வெயிலில் பிடித்துப் பார்த்தால் வெள்ளிப் பொடி தூவினாற்போல மின்னும், உள்ளே உராய்ந்து படிகிற உலோகம் அது. அப்புறம் 100 மணி நேரத்துக்கு ஒரு முறை, அல்லது ஆறு மாதத்துக்கு ஒரு முறை. நம் செம்மண் புழுதிக்கு ஏர் ஃபில்டரை அதைவிட அடிக்கடி தட்டு.

பிரஷ் கட்டரும், சீமைக் கருவேலத்தை அறுக்கிற செயின் ஷாவும் வேறு ஜாதி. அவை இரண்டு ஸ்ட்ரோக். அடியில் ஆயில் தொட்டியே கிடையாது. பெட்ரோலோடு கலந்து போகிற ஆயில், பிஸ்டனை நனைத்துவிட்டு எரிந்தும் போக வேண்டும். உன் வாளி ஆயில் எரிவதற்காகச் செய்ததில்லை, ஊற்றினால் பிளக்கிலும் சைலன்சரிலும் கரி கட்டிவிடும். ஜாசோ எஃப்.டி. (FD) என்று போட்ட 2டி (2T), அதாவது இரண்டு ஸ்ட்ரோக் ஆயில் வாங்கு. டி.சி.-டபிள்யூ3 (TC-W3) என்று போட்டதை வாங்காதே, அது தண்ணீரால் ஆறுகிற படகு என்ஜினுக்கு.

போன தையில் எங்கள் பட்டறைக்கு ஒரு பிரஷ் கட்டர் வந்தது. வாங்கி இரண்டே மாதம். கயிற்றை இழுத்தால் அசையவில்லை. சைலன்சரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். பிஸ்டனின் அந்தப் பக்கம் முழுவதும் மேலிருந்து கீழே கோடு கோடாகக் கீறல், பூனை பிறாண்டியது மாதிரி. வேலைக்கு வந்த பையன் வெறும் பெட்ரோல் இருந்த கேனை எடுத்து ஊற்றியிருக்கிறான். இரண்டு கேனும் ஒரே நிறம், பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அந்தப் பையன் அழுதுவிட்டான், எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அன்றில் இருந்து மெஷின் வாங்குகிற எல்லாரிடமும் சொல்கிறேன்: கலந்த பெட்ரோல் கேனின் கழுத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டு. மருந்துக் கடையில் 20 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கிக் கேனோடு சேர்த்துத் தொங்கவிடு. 50-க்கு 1 என்று புத்தகத்தில் இருந்தால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஒரு சிரிஞ்ச். 25-க்கு 1 என்றால் இரண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர்கூடத் தப்பாமல் கலக்கலாம். 2டி ஆயிலில் சாயம் சேர்த்திருப்பார்கள், கலந்த பெட்ரோல் நிறம் மாறித் தெரியும். நிறம் மாறாததை ஊற்றாதே என்று சொல்லிவை.

இன்னொன்று, இப்போது பம்பில் கிடைக்கிற பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடிக்கும். மழைக்காலத்தில் தொட்டியில் மாதக்கணக்கில் விட்டு வைத்தால் தண்ணீர் சேர்ந்து அடியில் தங்கும். வேலை முடிந்தால் தொட்டியைக் காலி செய்து, கார்புரேட்டரில் இருப்பதும் எரிந்து தீருகிற வரை ஓட்டி நிறுத்தச் சொல். செயின் ஷாவின் சங்கிலிக்கு ஒட்டிப் பிடிக்கிற ஆயில் தனியாக இருக்கிறது. பழைய ஆயிலை அதில் ஊற்றினால் கையிலும் மரத்திலும் தெறிக்கும்.

பழைய ஆயில் என்றதும் ஞாபகம் வருகிறது. உன் காவல்காரர் அதைக் கரையானுக்கு வேலிக் கம்புகளில் பூசுகிறார், மிச்சத்தை வாய்க்காலில் ஊற்றுகிறார் என்று எழுதியிருந்தாய். மாப்பிள்ளை, அதைக் கட்டாயம் நிறுத்து. உன் வீட்டு முற்றத்தில் விழுகிற மழை எங்கே போகிறது? வாய்க்கால் வழியாக ஊரணிக்கு. ஒரு சொட்டுத் தண்ணீரும் வீணாகக் கூடாது என்று வீட்டையும் தெருவையும் சாய்வு பார்த்துக் கட்டியவர்கள் நம் முன்னோர். அந்த வழியில் நாம் என்ஜின் கழிவை விடலாமா? ஓடித் தேய்ந்த ஆயிலில் உலோகப் பொடி, எரிந்த கரி, தோலுக்கு ஆகாத ரசாயனம் எல்லாம் இருக்கும். பூசுகிற அந்தக் கைகளை நினைத்துப் பார். காலியான டப்பாவிலேயே வடித்து மூடி வை. மாதம் ஒரு முறை எங்கள் பட்டறைக்கு மறுசுத்திகரிப்புக்கு எடுத்துப் போக ஆள் வருகிறார், அதோடு சேர்த்து அனுப்பிவிடுகிறேன்.

கடையில் வாங்கும்போது மூடியின் வளையம் உடையாமல் இருக்கிறதா என்று பார். தீர்ந்த டப்பாவைக் கத்தியால் கீறிவிட்டுப் போடு, இல்லையென்றால் அது மறுபடி நிரம்பி வேறு யாருக்கோ போகும்.

ஆக, அந்த 15டபிள்யூ-40 வாளி ஒன்று, புல்லட்டுக்கு எம்.ஏ. ஒன்று, புல் மெஷினுக்கு 10டபிள்யூ-30 ஒன்று, 2டி ஒன்று, செயின் ஷா சங்கிலிக்கு அந்த ஒட்டுகிற ஆயில் ஒன்று. ஸ்கூட்டருக்கு ஒரு சின்ன டப்பா. உன் மகனின் புதுக் காரை அதன் சர்வீஸில் விட்டுவிடு, வாரண்டி இருக்கும் வரை நாம் கை வைக்க வேண்டாம்.

செவ்வாய்ப் பொங்கலுக்கு நாட்டரசன்கோட்டை வருவாய் அல்லவா? தங்கச்சியையும் கூட்டி வா. திரும்புகிற வழியில் அம்பாசடரோடு பட்டறைக்கு வந்துவிடு, டேப்பெட் சத்தத்தைக் கேட்டுவிட்டு இடைவெளியைச் சரி செய்து தருகிறேன். வாளிக்குப் பணம் கொடுப்பதற்கு முன்னால் அதன் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை