ஐந்து நாளைத் தாண்டும் காய்ச்சலும் கவாசாகி நோயும்

ஆசிரியருக்கு வணக்கம்.

இரத்தக்குழாய் அழற்சி நோய்களைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரை, முதியவர்களுக்கு வரும் நெற்றிப்பொட்டு வலியையும், இளம்பெண்களின் கைநாடியை மங்கச் செய்யும் தகாயாசு நோயையும் தெளிவாக விளக்கியிருந்தது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைப் பெரும்பாலும் தாக்கும் கவாசாகி நோய்க்கோ இரண்டு வரிகளே கிடைத்தன. குழந்தைகள் வார்டில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

ஜப்பானியக் குழந்தை மருத்துவர் டோமிசாகு கவாசாகி 1967இல் 50 குழந்தைகளை ஆராய்ந்து எழுதிய இந்நோய்க்கு இன்றுவரை காரணம் தெரியவில்லை. உறுதிசெய்ய ஒற்றை இரத்தப் பரிசோதனையும் கிடையாது. குழந்தையைக் கூர்ந்து பார்ப்பதுதான் வழி. காய்ச்சல் ஐந்து நாளாகியும் விடாது. கண்கள் பீளையின்றிச் சிவந்திருக்கும். உதடு வெடித்து, நாக்கு செக்கச்செவேலென்று இருக்கும். உடம்பில் தடிப்பும் கை கால்களில் வீக்கமும் காணும். கழுத்தில் நெறி கட்டும். கைக்குழந்தைகளிடம் இவை அனைத்தும் சேர்ந்து தெரியாமலும் போகலாம். அப்போது இடது தோளில் உள்ள பிசிஜி (காசநோய்த் தடுப்பு) ஊசித் தழும்பு சிவந்து தடித்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

காய்ச்சலோடு தடிப்பும் வந்தால் நம் வீடுகளில் அம்மை என்று முடிவுகட்டி வேப்பிலை செருகிவிடுகிறோம். இதில் பெற்றோரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. ஆன்டிபயாடிக்கை மாற்றி மாற்றிக் கொடுத்து நாளைக் கடத்தும் மருத்துவர்களும் உண்டு. சிகிச்சை தராவிட்டாலும் இக்காய்ச்சல் சில வாரங்களில் தானே தணிந்துவிடும் என்பதுதான் இதிலுள்ள பெரிய ஆபத்து. அம்மை இறங்கிவிட்டதென்று தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வேளையில், இதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனிகளின் சுவர் வலுவிழந்து புடைத்துக்கொண்டிருக்கலாம். சிகிச்சை பெறாத குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இப்பாதிப்பு நேர்கிறது. காய்ச்சல் தொடங்கிய 10 நாட்களுக்குள் இம்யூனோகுளோபுலின் என்னும் நோய் எதிர்ப்புப் புரத மருந்தை நரம்பு வழியே ஏற்றினால் அது 5 விழுக்காட்டு அளவுக்குக் குறைந்துவிடுகிறது. விரல் நுனியில் தோல் உரிவதைக் கண்டு ஓடிவருபவர்கள் பெரும்பாலும் அந்தக் கெடுவைத் தாண்டியே வருகிறார்கள். எடைக்கேற்ப அளவு கூடும் அம்மருந்தின் விலையும் கூடுதல்தான். அதற்குப் பயந்து நாளைத் தள்ளுவது குழந்தைக்கே கேடாக முடியும்.

வீடு திரும்பிய பின்னும் சில வாரங்களுக்குக் குறைந்த அளவில் ஆஸ்பிரின் கொடுக்கச் சொல்வார்கள். குழந்தைகளுக்கு ஆகாத மாத்திரையாயிற்றே என்று பெற்றோர் தாமாக நிறுத்திவிடக் கூடாது. இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோ பரிசோதனைக்குச் சொன்ன தேதியில் செல்ல வேண்டும். இம்யூனோகுளோபுலின் பெற்ற குழந்தைக்குத் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசியை வழக்கமாக 11 மாதங்கள் தள்ளிப்போடுவார்கள் என்பதால், டிஸ்சார்ஜ் சீட்டைத் தடுப்பூசி அட்டையோடு சேர்த்து வைத்துக் கிராம சுகாதார செவிலியரிடம் மறவாமல் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
மதுரை.