ஆல்தியாவின் அந்த ஒரு அழைப்பு

அன்புள்ள மகளுக்கு,

உனக்கு வேலை போய் மூன்று மாதம் ஆகிறது என்பதை உன் தம்பி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கோபம் இல்லை. இரண்டு நாளாகத் தூக்கம்தான் இல்லை. போனில் கேட்டால் "எல்லாம் நன்றாக இருக்கிறது அம்மா" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

ஆல்தியா கிப்சனை நினைவிருக்கிறதா? நீ முதன்முதலில் டென்னிஸ் மட்டை பிடித்த வயதில் ஓயாமல் கதை கேட்பாயே, அவள்தான். 1957-ல் விம்பிள்டன் ஒற்றையர் பட்டத்தை வென்ற முதல் கறுப்பினப் பெண். எலிசபெத் ராணியின் கையால் பரிசு வாங்கியதையும், நியூயார்க் வீதியில் காகிதத் துணுக்குகள் பொழிய ஊர்வலம் வந்ததையும் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அந்தக் கதைக்கு முன்னும் பின்னும் இருந்ததைத்தான் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹார்லெம் பகுதியின் தெருவில் பந்தடித்துக்கொண்டிருந்த ஏழைப் பெண் அவள். டென்னிஸ் கிளப்பில் சேர, அக்கம்பக்கத்தார் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுத்தான் கட்டணம் கட்டினார்கள். பிறகு ஈட்டன், ஜான்சன் என்ற இரண்டு கறுப்பின மருத்துவர்கள் தங்கள் வீடுகளில் தங்கவைத்து, படிக்கவும் ஆடவும் வழிசெய்தார்கள். நியூயார்க்கின் ஃபாரஸ்ட் ஹில்ஸில் நடந்த அமெரிக்கத் தேசிய டென்னிஸ் போட்டியில் அவளுக்கு இடம் தர மறுத்தபோது, முன்னாள் சாம்பியன் ஆலிஸ் மார்பிள் ஒரு டென்னிஸ் இதழில் அமெரிக்க டென்னிஸ் சங்கத்தைக் கண்டித்துப் பகிரங்கமாக எழுதினார். வெள்ளைக்காரப் பெண் எழுதிய கடிதம் அது. 1950 ஆகஸ்டில் ஆல்தியா அங்கே களமிறங்கினாள்.

பதினொரு கிராண்ட் ஸ்லாம் பட்டங்கள். ஆனால் அது பரிசுப் பணமே இல்லாத காலம். 1957, 1958 இரண்டு ஆண்டும் விம்பிள்டனையும் அமெரிக்கப் பட்டத்தையும் வென்ற கையோடு, பிழைப்புக்காக அந்த ஆட்டத்தை விட்டு விலகினாள். பாடினாள், படத்தில் நடித்தாள், கூடைப்பந்துக் குழுவோடு ஊர் ஊராகப் போய்க் காட்சி ஆட்டம் ஆடினாள், கோல்ஃபும் ஆடிப் பார்த்தாள். எதிலும் பணம் நிற்கவில்லை.

1990-களில் நோயோடு தனியாக இருந்தாள். வாடகைக்கும் மருந்துக்கும் வழியில்லை. அப்போது ஏஞ்சலா பக்ஸ்டனைத் தொலைபேசியில் அழைத்தாள். 1956-ல் அவளோடு சேர்ந்து விம்பிள்டன் இரட்டையர் பட்டத்தை வென்ற தோழி; யூதப் பெண் என்பதால் தானும் கிளப் வாசல்களில் ஒதுக்கப்பட்டவள். ஏஞ்சலா விஷயத்தை டென்னிஸ் இதழ் ஒன்றில் வெளிவரச் செய்தாள். பல நாடுகளிலிருந்து பணம் வந்தது. ஆல்தியா 2003 வரை வாழ்ந்தாள்.

உலகமே கைதட்டிய பெண், "என்னிடம் பணமில்லை" என்று சொல்ல எத்தனை இரவுகள் தயங்கியிருப்பாளோ! இரண்டு நாளாக அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவளுக்கு ஏஞ்சலா இருந்தாள். உனக்கு நான் இருக்கிறேன் அம்மா.

உன் வங்கிக் கணக்கில் கொஞ்சம் போட்டிருக்கிறேன், திருப்பி அனுப்பாதே. ஞாயிற்றுக்கிழமை காலை அழைக்கிறேன். எத்தனை மாத வாடகை பாக்கி என்பதை முதலில் சொல்.

உன் அம்மா