கொ கொ கொ-ன்னு அனுப்புன அந்த மனுசனுக்கு

எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சி மவனுக்கு அவசரமா ரத்தம் தேடி அலைஞ்ச அந்த ராத்திரி கதைய திரும்ப எழுதல, உங்கள்ல பாதி பேரு அங்கனதான் நின்னீங்க. தங்கச்சி மவன் நேத்து வீட்டுக்கு வந்துட்டான், இன்னைக்கி சொதி வேணும்னு அடம்பிடிக்கான், அது போதும்.

ரத்தம் குடுத்த அண்ணாச்சிமாரு, ராத்திரி ஒன்றரைக்கு மேலப்பாளையத்துக்கும் டவுனுக்கும் ஆட்டோவுல ஓடுன தம்பிங்க, சும்மா கூட வந்து உக்காந்திருந்தவங்க, எல்லாருக்கும் சேத்து பெரிய கும்பிடு, வீட்டுக்கு வந்து தனியா சொல்லுதேன். இந்த மடல் வேற ஒரு ஆளுக்கு.

ரத்தம் குடுக்கவங்க பேரு இருக்க டோனர் லிஸ்ட்ல அன்னைக்கி 'கொக்கிரகுளம்'னு தேடுனப்ப மூணு பேருதான் வந்தாங்கல்லா, ஆனா லிஸ்ட்ல இருந்தது 11 பேரு. 'முடிவுகள் 3'ன்னு அது அடிச்சு சொல்லுது, நாமளும் நம்பிட்டோம். மறுநாள் ஆசுபத்திரி பெஞ்சுல உக்காந்து அந்த லிஸ்ட் ஓடுத சாப்ட்வேர செய்யுத ஆளுங்களுக்கு கோவத்துல ஒரு ரிப்போர்ட் போட்டேன், தேடல் வேலை செய்யல, ஒரு உசிரு போயிருக்கும்னு. எங்ககிட்ட சரியாத்தான் ஓடுதுன்னு ஒருத்தர் மூடிட்டாரு. அவர குத்தம் சொல்ல முடியாது, என்ன டைப் பண்ணேன், என்ன வரும்னு நெனச்சேன், என்ன வந்துச்சுன்னு நான் ஒண்ணுமே எழுதல, புலம்பல் மட்டும்தான்.

அப்பம் அந்த ஆளுங்கள்லயே வேற ஒரு வாலண்டியர் அத திரும்ப திறந்தாரு. தமிழ் ஒரு எழுத்து தெரியாது அவருக்கு. லிஸ்ட்ல இருக்க சொல்லையும் நீங்க டைப் பண்ண சொல்லையும் அப்படியே ஒட்டி அனுப்புங்கன்னாரு, அனுப்புனேன். மறுநாள் காலைல ஒரு ஸ்க்ரீன்ஷாட் வருது, மனுசன் தன் கம்ப்யூட்டர்ல தமிழ் கீபோர்டு போட்டு வரிவரியா கொ கொ கொ கொ-ன்னு அடிச்சு, நடுவுல ரெண்டுக்கு மட்டும் சிவப்புல வட்டம் போட்டிருக்காரு. "என்னண்ணே, இப்பம் போயி சிரிக்கே"ன்னு தங்கச்சி போன வாங்கிப் பாத்துட்டு "யாரு இது, கோழி வளக்காரா?"ங்கா. மூணு நாளைக்கப்புறம் அவ சிரிச்சது அதுக்குத்தான்.

விசயம் இதான். புதுசா சேத்த மூணு பேருக்கு 'ொ' ஒரே குறியீடா விழுந்திருக்கு, பழைய பாண்ட்ல (எழுத்துருல) இருந்து மாத்துன எட்டு பேருக்கு கொம்பு தனி, துணைக்கால் தனின்னு ரெண்டா கெடக்கு. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, கம்ப்யூட்டர்ல எழுத்துக்கெல்லாம் பொது விதியா இருக்க யூனிகோடும் ரெண்டும் சமம்னுதான் சொல்லுது, ஆனா தேடல் அத ஒண்ணாக்காமலே பாத்திருக்கு.

இது என்ன வார்த்தைன்னு கேட்டாரு. தாமிரபரணி கரையில ஒரு ஊரு, கலெக்டர் ஆபீஸ் அங்கனதான்னு சொன்னேன். சரி பண்ணதோட விடல, இது திரும்ப ஒடையாம இருக்க டெஸ்ட்லயும் அதே சொல்லதான் வச்சிருக்காரு. இனிமே அந்த சாப்ட்வேர்ல யாரு எத மாத்துனாலும், எந்த நாட்டுல இருந்து மாத்துனாலும், மெசின் மொதல்ல கொக்கிரகுளத்த தேடிப் பாத்துட்டுதான் விடும். இந்த மடல அவரால படிக்க முடியாது, கொ மட்டும் கண்டுபிடிச்சிருவாரு.

அடுத்தது கௌ. 'கௌசல்யா'வ பாதி பேரு கெ போட்டு பக்கத்துல ள அடிச்சு வச்சிருக்கீங்க, பாக்க அதே மாதிரிதான் இருக்கும், ஆனா ள வேற எழுத்து, இப்ப சரி பண்ணதுல இது சேராது. லிஸ்ட்ல அப்படி அடிச்சவங்க எனக்கு அனுப்பி வைங்க, திட்ட மாட்டேன். ராத்திரி ரிப்போர்ட் எழுத உக்காருதேன், இந்த தடவ ரெண்டு சொல்லையும் ஒட்டி.