அண்ணன் தீட்டியது இங்கே, தம்பி தீட்டியது அங்கே

அன்பு மகளுக்கு,

சண்டிகரில் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. யார் யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் என்பதெல்லாம் அப்பா போனில் சொல்லியிருப்பார். நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு.

இங்குள்ள அரசு அருங்காட்சியகத்தில் பழைய அரசவை ஓவியங்களைப் பார்த்தேன். பஹாரி ஓவியங்கள் என்பார்கள். குலேர், பசோலி, காங்க்ரா என்று இமயமலை அடிவாரத்தில் இருந்த சின்னச் சின்ன அரசுகளில் தீட்டியவை. நாடு பிரிந்தபோது லாகூர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பையும் பங்கு போட்டிருக்கிறார்கள். நூற்றுக்கு 40 பங்கு இந்தியாவுக்கு. அப்படி வந்த ஓவியங்கள் பலவும் இங்கேதான் இருக்கின்றன.

கையில் வைத்துப் பார்ப்பதற்காகச் செய்த படங்கள் என்பதால் எல்லாமே சிறியவை. தூர நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. அப்பா ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். எனக்கு நகர மனமில்லை. பசோலி பாணிப் படங்களில் நகையின் மரகதத்துக்கு வண்டின் இறக்கையை வெட்டி ஒட்டுவார்களாம். தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பார், அது பச்சையாக மின்னும்.

அங்கே மானாக்கு என்பவர் 1730இல் தீட்டிய கீதகோவிந்தத் தாள்கள் இருக்கின்றன. ராதை, கிருஷ்ணன் காதலைப் பாடும் ஜெயதேவரின் காவியம்தான் கீதகோவிந்தம், அதற்கான படங்கள். பின்னணியில் நிழல், தூரம் எதுவும் கிடையாது, அழுத்தமான வண்ணம்தான். குலேரைச் சேர்ந்த பண்டிட் சேவு என்ற ஓவியரின் மூத்த மகன் இவர். இளையவர் நைன்சுக். ஒரே வீடு, ஒரே அப்பாவிடம் தொழில் கற்றவர்கள், ஆனால் கை வேறு வேறு. தம்பிக்கு முகலாய பாணி பிடித்துப்போயிற்று. மென்மையான கோடு, நிறைய வெற்றிடம், ஆளைப் பார்த்தபடியே வரைந்த முகம். (உன்னையும் உன் தம்பியையும் நினைத்துக்கொண்டேன். சரி, அதை விடு.)

நைன்சுக்கை ஆதரித்தவர் ஜஸ்ரோட்டா என்ற இன்னொரு மலையடிவார அரசின் பல்வந்த் சிங். அரசவை ஓவியம் என்றால் ராஜா யானைமேல் வருவார், புலி வேட்டை ஆடுவார் என்றுதானே நினைப்போம்? இந்த மனிதரோ தாடியைத் திருத்திக்கொள்கிறார், கூடாரத்தில் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறார், குளிருக்குப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறார். தன்னை இப்படி வரைய விட்டாரே என்பதுதான் எனக்கு ஆச்சரியம். 1763இல் அவர் இறந்தபோது அஸ்தியைக் கரைக்க நைன்சுக் ஹரித்வாருக்குப் போனார். அங்குள்ள பண்டாக்கள், அதாவது யாத்திரை வருபவர்களின் குடும்ப விவரத்தை எழுதி வைக்கும் புரோகிதர்கள், வைத்திருக்கும் வம்சப் பதிவேட்டில் தன் கையாலேயே எழுதி, ஒரு படமும் வரைந்து வைத்திருக்கிறார்.

இந்த ஓவியர்கள் பெரும்பாலும் படத்தில் பெயர் போட மாட்டார்கள். பி.என். கோஸ்வாமி என்ற கலை வரலாற்று அறிஞர் அந்தப் பதிவேடுகளைப் புரட்டித்தான் யார் யாருக்குப் பிள்ளை, யார் எந்த ஊர் என்று இந்தக் குடும்பத்தின் வரலாற்றைக் கோத்தெடுத்தார். அதுவரை ‘குலேர் பாணி’, ‘காங்க்ரா பாணி’ என்று ஊர்ப் பெயரால் அழைத்த படங்களுக்குப் பின்னால் அப்பா, பிள்ளை, பேரன் என்று ஆட்கள் வந்து நின்றார்கள்.

இதையெல்லாம் உனக்கு ஏன் சொல்கிறேன் என்றால், நீ இருக்கும் சூரிச்சில் ரீட்பெர்க் அருங்காட்சியகத்தில் நைன்சுக்கின் ஓவியங்கள் இருக்கின்றன. வெளிச்சம் பட்டால் நிறம் மங்கும் என்பதால் இப்படிப்பட்ட படங்களை மாற்றி மாற்றித்தான் வைப்பார்கள். அதனால் கேட்டுக்கொண்டு போ. எல்லாவற்றையும் பார்த்து முடிக்க வேண்டும் என்று ஓடாதே, நாலு படம் போதும். ராஜாவைப் பார்த்த பிறகு ஓரத்தில் நிற்கும் வேலைக்காரர்களின் முகத்தையும் பார். பூதக்கண்ணாடி ஒன்று கொண்டுபோ. நான் அது இல்லாமல் போய்த் திண்டாடினேன்.

பார்த்துவிட்டு எது பிடித்தது என்று எழுது. போனில் சொல்லாதே, நீ அவசரமாகப் பேசுவாய்.

அன்புடன்,
அம்மா